படித்தேன், புரிந்துகொண்டேன்

எங்கள் சலவை ஆலையில் செய்முறை எழுதுவது என் வேலை. எந்தத் துணியை எத்தனை டிகிரியில் துவைப்பது, சோப்புக் கரைசலை யார் அளப்பது, வழுக்கி விழுந்தால் யாரிடம் சொல்வது, எல்லாம் படிப்படியாக, எண் போட்டு. கீழே நாற்பது பெண்கள் ஆவியில் வெந்துகொண்டிருப்பார்கள். மேலே கண்ணாடி அறையில் ஏசி போட்டுக்கொண்டு, அவர்கள் எப்படி வெந்தால் சரியாக இருக்கும் என்று நான் எழுதுவேன். அந்த நாற்பது பேரில் ஒருத்தி என் அக்கா. இந்த வேலையை எனக்குப் பிடித்துக் கொடுத்தவளும் அவள்தான்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரி தன் படுக்கை விரிப்புகளை எங்களுக்குத் தரச் சம்மதித்தது. ஆனால் எல்லா வேலைக்கும் எழுத்தில் செய்முறை இருக்க வேண்டும், ஆடிட் செய்வோம் என்றது. ஆலையில் அதுவரை ஒரு துண்டுச்சீட்டு கிடையாது. "என் தங்கச்சி நல்லா எழுதுவா சார்" என்று அக்கா போய்ச் சொன்னாள். நல்லாத்தான் எழுதிக் கிழித்தேன், கேளுங்கள்.

முதல் மூன்று வாரம் நோட்டும் கையுமாகக் கீழேயே கிடந்தேன். அக்கா நிற்பது பெரிய இஸ்திரி இயந்திரத்தில். ஈர விரிப்பைச் சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டால் அந்தப் பக்கம் காய்ந்து மடிப்பில்லாமல் வரும். கை போகாமலிருக்க முன்னால் ஒரு தகரத் தடுப்பு.

"ஷீட்டு உள்ள சிக்கிக்கிட்டா என்னக்கா பண்ணுவீங்க?"

"சிவப்பு பட்டன அமுக்கணும். அப்புறம் சூப்பர்வைசரத் தேடணும். தடுப்போட சாவி அவருகிட்டதான். மூணு மெஷினுக்கும் ஒரே சாவி. அவரு லாரிகிட்ட நிப்பாரு, இல்லன்னா போன்ல நிப்பாரு."

"நெசமா என்ன பண்ணுவீங்க?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நெசத்தையா எழுதப் போற?"

"ஆமா."

அவள் இடது முழங்கையால் தகரத்தின் ஓரத்தைத் தூக்கி, வலது கையை உள்ளே விட்டு, சிக்கிய முனையைச் சுண்டி இழுத்தாள். உருளை நிற்கவில்லை. மூன்று விநாடிதான். "ஒரு ஷிப்டுக்கு அஞ்சு தடவ சிக்கும். அஞ்சு தடவையும் நிறுத்திட்டு அவரத் தேடிக்கிட்டிருந்தா சொன்ன ஷீட்டு எண்ணிக்கை முடியுமா? முடியலன்னா யாரு வாங்கிக் கட்டிக்கிறது?" என்றாள்.

அதை அப்படியே எழுதினேன். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு சாவி வேண்டும், எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்றும் சேர்த்தேன். மேனேஜரிடம் கொண்டுபோனேன். எதையும் பச்சை மையில்தான் திருத்துவார் என்பதால் கீழே அவருக்குப் பெயர் பச்சைப் பேனா. பக்கத்தின் குறுக்கே ஒரே கோடு.

"இது செய்முறையா, புகார் மனுவா?"

"நடக்கிறத எழுதினேன் சார்."

"அதுக்கு நீங்க எதுக்கும்மா? நடக்க வேண்டியத எழுதுங்க. இத ஆஸ்பத்திரிக்காரங்க படிச்சா நாளைக்கே நம்மளக் கைகழுவிடுவாங்க."

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. புது வேலை, நல்ல நாற்காலி. உட்கார்ந்து மாற்றி எழுதினேன்: 'இயந்திரம் முழுவதுமாக நின்று, மேற்பார்வையாளர் வந்து தடுப்பைத் திறக்கும்வரை எவரும் கையை உள்ளே விடக் கூடாது.' பிழையில்லாத வாக்கியம். சாவி ஒன்றுதான் என்பதோ, எண்ணிக்கை எவ்வளவு என்பதோ அதில் எங்கும் இல்லை. நான் முதலில் எழுதிய பக்கங்களைத் தூக்கிப் போட மனம் வராமல் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

ஒவ்வொரு செய்முறைக்கும் கடைசியில் ஒரு தாள் உண்டு. 'படித்தேன், புரிந்துகொண்டேன், பின்பற்றுவேன்.' கீழே கையெழுத்து. ஆளுக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும் என்று விதி. அந்த விதியை எழுதியவளும் நான்தான். ஆடிட்டுக்கு முந்தைய நாள், சாப்பாட்டு இடைவேளையில், நாற்பது கையெழுத்தையும் வாங்கிவிடு என்று என் தலையில் கட்டினார்கள். தாளும் பேனாவுமாக மேசை மேசையாக ஓடினேன். அக்காவின் முறை வந்தது.

"என்னடி இருக்கு இதுல?"

"ஒண்ணுமில்லக்கா, நீ சொன்னதுதான். போடு, இன்னும் இருபது பேரு இருக்காங்க."

நீ சொன்னதுதான் என்றேன். கூசாமல் சொன்னேன். அக்கா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, தான் சொன்னதை ஒருத்தி எழுதி வைத்திருக்கிறாள் என்ற திருப்தியோடு போட்டாள். கொஞ்சம் சிரிக்கவும் செய்தாள்.

நான்காம் மாதம் உருளை அவள் வலது கையை இழுத்துக்கொண்டது. இரண்டு விரல் போய்விட்டது. மீதி வெந்து, இனி மடங்காது என்றார்கள். சத்தம் கேட்டுப் படியில் ஓடி இறங்கிய நான் அந்தக் கையைப் பார்த்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

இருபது நாளில் விசாரணைக் கடிதம் வந்தது. செய்முறையை மீறினாள் என்று குற்றச்சாட்டு. தப்பு அவளுடையது என்றானால் வேலையும் போகும், வைத்தியத்துக்கும் ஒன்றும் கிடைக்காது. படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கினோம் என்றானால் தப்பு ஆலையுடையது. உட்கார்ந்து செய்யும் வேலையாவது அவளுக்குக் கொடுத்தாக வேண்டும். இரண்டில் எது என்பது என் ஒரு வாயில் இருந்தது.

விசாரணை நாள் காலையில் அக்கா இடது கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கு நின்றாள். "இன்னைக்கு எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்க்கா. படிச்சுக் காட்டலன்னு, முதல்ல எழுதினது வேறன்னு. அந்தப் பழைய தாளெல்லாம் பையில இருக்கு" என்றேன்.

"சொன்னா உன்ன வச்சிருப்பாங்களா?"

"மாட்டாங்க."

அவள் கடைசிப் பொத்தானைப் போடாமலே கிளம்பிவிட்டாள்.

அறையில் பச்சைப் பேனாவும், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி அம்மாவும். அந்தம்மா அக்காவிடம் மரியாதையாகத்தான் கேட்டார். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமாம்மா."

"உங்களுக்குப் படிச்சுக் காட்டினாங்களா?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அக்கா சொன்னாள், "வரிவரியாப் படிச்சுக் காட்டினாங்க. ரெண்டு தடவ. எனக்குத்தான் அவசரம்."

அந்தம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதாவது சொல்லணுமா?"

பை மடியில் இருந்தது. ஜிப்பின் முனை என் விரலில் இருந்தது.

"இல்ல மேடம்."

தூ. அவ்வளவுதான் நான்.

அக்காவை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் பச்சைப் பேனா கூப்பிட்டு, "இந்தச் செய்முறைய மேம்படுத்தணும்மா" என்றார். இரண்டே நாளில் ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் ஒரு சாவி தொங்கியது. விபத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் 'தொழிலாளியின் அவசரம்' என்று எழுதினேன். அவர் அதை அடித்துவிட்டு 'கவனக்குறைவு' என்று போட்டார். அதையும் தட்டச்சு செய்து கொடுத்தேன்.

ஒரு வாரம் வீட்டில் அக்காவின் முகத்தைப் பார்க்காமலே ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் அவள் சர்க்கரை பாட்டிலை நெஞ்சோடு அணைத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "எனக்காக இப்படிப் பண்ணிட்டியேக்கா" என்று அழுதுவிட்டேன்.

அவள் திருகுவதை நிறுத்தவில்லை. "வீட்டுக்கு ஒரு சம்பளமாவது வேணுமேன்னுதான் அங்க அப்படிச் சொன்னேன். அதுல உனக்காகன்னு ஒண்ணுமில்ல." மூடி வழுக்கியது. மறுபடி பிடித்தாள். "ஆனா நான் அப்படிச் சொன்னதும், இல்லம்மா இவ பொய் சொல்றான்னு நீ எந்திரிப்பேன்னு நெனச்சேன். அந்தம்மா உன்னத் திரும்பிக் கேட்டப்பக்கூட நெனச்சேன்."

பாட்டிலை வாங்கித் திறந்து கொடுத்தேன்.

"தேங்க்ஸ்" என்றாள். பிறந்ததிலிருந்து அக்கா என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னதே கிடையாது.