கிழவர் கொப்பளிக்கும் சத்தம்

பக்கெட் பாதி நிறையும்போதே மாமியார் குழாயை மூடிவிட்டார். குனிந்து முகர்ந்தார். அழுகிய முட்டை நாற்றம். குழந்தையைத் துண்டோடு தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவள் துணிகளை ஒரு பையில் திணித்தார்.

"இதுல குளிச்சுதான் புள்ளைக்கு உடம்பெல்லாம் தடிப்பு. சரி பண்ணுங்க மாப்ள. அதுவரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்."

"சீக்கிரம் முடிச்சிடறேன் அத்தை."

"அவசரம் ஒண்ணுமில்ல."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவன் பையைப் பார்த்தான். மனைவி இறந்தபின் 'கொஞ்ச நாளைக்கு' என்று அவர் எடுத்துப்போன பூந்தொட்டிகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

பிளம்பரைப் போனில் பிடித்தான். கடினநீரை உப்பால் மென்மையாக்கும் வாட்டர் சாஃப்ட்னரின் பிளக்கைப் பிடுங்கிப் பல மாதமாகிறது என்றதும் பிளம்பர் சிரித்தார்.

"ஏன் சார், சத்தம் தூங்க விடலையா? ஓடாம கிடந்தா தண்ணி நாறத்தான் செய்யும். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க. மனசு வரலைன்னா உப்புத் தொட்டியத் தேய்ச்சுக் கழுவி, வாசனை சேர்க்காத ப்ளீச் கொஞ்சம் விட்டு ஓட்டிப் பாருங்க."

பிளக்கைப் பிடுங்கிய காரணத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை. உப்புநீரால் தன்னைத் தானே அலசிக்கொள்ளும்போது அந்த மெஷின் களகளவென்று சத்தம் போடும். "கிழவர் வாய் கொப்பளிக்கிறாரு" என்பாள் மனைவி. அவளும் குழந்தையும் ஓடிப்போய் அதன் முன் நின்று கொப்பளிப்பார்கள். அவள் போனபின் முதல்முறை சத்தம் கேட்டபோது, குழந்தை அறை அறையாக ஓடினாள். "அம்மா, கிழவரு வந்தாச்சு." கட்டிலுக்கு அடியிலும் தேடினாள். அன்றே பிடுங்கிவிட்டான்.

சனிக்கிழமை தொட்டியின் மூடியைத் திறந்தான். உப்பு மேல்வரை இருப்பதுபோல் தெரிந்தது. துடைப்பக் கட்டையால் குத்தினால், மேலே பாறையாய் இறுகிய தட்டு. அடியில் ஒன்றுமில்லை, கறுத்த வழவழப்பான தண்ணீர் மட்டும். மனைவி கொட்டிய கடைசி உப்பு மூட்டை. கட்டை ஒரு கணம் நின்றது. பிறகு ஓங்கிக் குத்தினான். கட்டி கட்டியாக அள்ளிப் போட்டான். தொட்டிக்குள் தலையை விட்டு, நகம் தேயத் தேய்த்தான். புது உப்பு கொட்டி, தண்ணீர் விட்டு, உள்ளே நிற்கும் குழாயில் ப்ளீச்சை ஊற்றினான். பிளக்கைச் செருகினான். அலசல் பொத்தான்மேல் விரல் வெகுநேரம் இருந்தது. அழுத்தினான்.

சத்தம் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். பிறகு ப்ளீச் வாடை போகும்வரை எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டான். இன்னொரு அலசலுக்கும் வைத்துவிட்டு மாமியாரை அழைத்தான்.

வந்தவர் கையில் குழந்தை இருந்தாள், பை இல்லை. அதைத்தான் அவன் முதலில் பார்த்தான். மாமியார் குழாயிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார்.

"கை ஏன் இப்படி வெந்து கிடக்கு?"

"ப்ளீச் அத்தை."

"கையுறைன்னு ஒண்ணு கடையில விக்கிறாங்க மாப்ள." உட்காராமலே சொன்னார். "பை கார்லதான் இருக்கு."

அவன் வாய் திறப்பதற்குள் மெஷின் கொப்பளிக்கத் தொடங்கியது. குழந்தை பாட்டியின் கையிலிருந்து நழுவி இறங்கினாள்.

"அம்மா, கிழவரு."

சமையலறையில் பார்த்தாள். படுக்கையறைக்கு ஓடினாள். மாமியார் அவனைப் பார்த்தார். பிளக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அவன் மாமியார் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். கட்டிலருகே மண்டியிட்டு, வாய் நிறையத் தண்ணீர் எடுத்து, அண்ணாந்து கொப்பளித்தான். தண்ணீர் வழிந்து சட்டை நனைந்தது. இன்னொரு வாய் எடுத்தான்.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கை டம்ளரை நோக்கி நீண்டது.