பின்சீற்றில் சாம்பிராணி

கார் வைத்திருந்த காலத்தில் நான் நடந்து போனதே இல்லை. பக்கத்து வளவில் கறிவேப்பிலை ஒடிக்கப் போவதென்றாலும் காரில்தான் போவேன். கண்டாவளைப் பக்கம் காணி எடுத்துக் குடியேறியவர்களில் கார் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். மாட்டுவண்டிக்காரர்கள் எல்லோரும் ஒதுங்கி வழிவிடுவார்கள். மரியாதை என்று நான் நினைத்துக்கொள்வேன். மாடு மிரண்டுவிடும் என்ற பயம் என்று என் மனைவி இராசமலர் சொல்வாள்.

அது லேசுப்பட்ட கார் அல்ல. மலைநாட்டுத் தோட்டத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. உள்ளே தேக்குப் பலகை, தோல் வைத்த சீற், கதவுக்குக் கதவு வெள்ளிப் பிடி. வயர்களைச் சுற்றியிருந்த துணி மட்டும் இற்றுப்போய், தொட்டால் தூளாக உதிரும். இடப்பக்கம் திரும்பினால் ஹோர்ன் தானாக அடிக்கும். லைற்றைப் போட்டால், வானத்தில் ஒரு முகில் இல்லாவிட்டாலும், மழை துடைக்கும் கை ஆடத் தொடங்கும். வயரை மாற்றச் சொல்லி யார் வாய் திறந்தாலும் எனக்குப் பொல்லாத கோபம் வரும். துரை பாவித்த காருக்கு நீ யாரடா பிழை சொல்ல என்பேன்.

பற்றரி பின்சீற்றுக்குக் கீழே, இடப்பக்கமாக இருந்தது. அது செத்துப்போனதும் வவுனியாவுக்குப் போய் லொறிப் பற்றரி ஒன்றை வாங்கி வந்து வைத்தேன். பெரிய காருக்குப் பெரிய பற்றரி, அதுதானே முறை! உயரம் கொஞ்சம் கூடிப்போனதால் மேலே மூடுகிற பலகை பொருந்தவில்லை. பலகையைக் கழற்றி எறிந்தேன். அதற்குப் பிறகு சீற்றின் இரும்புச் சுருள்களுக்கும் பற்றரியின் ஈய முனைகளுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளிதான். இரும்பு இரண்டு முனையிலும் பட்டால் நெருப்புப் பற்றும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பின்னால் இருப்பவள் இராசமலர். அவள் இருந்தாலும் ஒரு வெறும் ஓலைக் கடகத்தை வைத்தாலும் சீற்றுக்கு ஒன்றுதான், ஒரு விரல்கூட அமுங்காது. சீற்றுக்குள் இருந்த குதிரைமயிர் உளுத்துப்போய்விட, தேங்காய்த் தும்பை அடைத்துத் தைத்த கெட்டிக்காரனும் நானேதான்.

இப்படியிருக்கையில் மகள் இரஞ்சிதத்துக்குச் சாவகச்சேரியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. முன்பு வந்தவர்கள் எல்லோரும், காட்டுக்குள் போய்க் குடியேறின ஆட்களிடம் பெண் எடுப்பதா என்று முகத்தைச் சுழித்துவிட்டுப் போயிருந்தார்கள். பிள்ளை கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவுவாள். இந்த முறை மாப்பிள்ளையின் தாயார் சிவனேஸ்வரி அம்மா, தானே வந்து பெண்ணைப் பார்ப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார். இதுவும் குழம்பினால் பிள்ளையின் பாடு என்ன ஆகும் என்று இராசமலர் இரவெல்லாம் புரண்டாள். என் மண்டையில் ஓடியது ஒன்றுதான். காட்டுக்குள் கார் நிற்பதை அந்த அம்மா கண்ணால் காண வேண்டும்.

அவர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கு வெள்ளி விடிய எழும்பி, காருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, தூபக்காலில் தேங்காய்த் தும்பை மூட்டிச் சாம்பிராணி போட்டு, உள்ளுக்கும் புகை காட்டுவது என் வழக்கம். அன்றும் காட்டினேன். தூபக்காலைச் சாமியறையில் வைத்துவிட்டு, இராசமலரையும் ஏற்றிக்கொண்டு பரந்தன் ஸ்டேசனுக்குப் போனேன்.

சிவனேஸ்வரி அம்மா ரயிலை விட்டு இறங்கினார். இறங்கிக்கொண்டே இருந்தார். அப்படியொரு சரீரம். கூட வந்த அவர் தம்பி இளையதம்பியை முன்னால் ஏற்றினேன். அம்மாவைப் பின்சீற்றில் இடப்பக்கமாக, பற்றரிக்கு நேர் மேலே, நானே கதவு திறந்து பவ்வியமாக இருத்தினேன். இராசமலர் மற்றக் கதவால் ஏறி அவர் பக்கத்தில் இருந்தாள். பற்றரி ஞாபகத்துக்கு வந்ததா? அந்த அம்மா வெள்ளிப் பிடியைத் தடவிப் பார்த்ததுதான் என் கண்ணில் நின்றது.

வாய்க்கால் கரை றோட்டில் கார் பள்ளத்துக்குப் பள்ளம் குலுங்கியது. கொஞ்சத் தூரத்தில் பின்னால் மெல்லிய புகை எழும்பியது. தும்பு கருகும் மணம். தூபக்காலில் விடியக் கிளம்பிய அதே மணம்.

"அட, காருக்குள்ளையே சாம்பிராணியோ தம்பி!" என்றார் சிவனேஸ்வரி அம்மா. "வெள்ளிக்கிழமையை மறக்கேல்லை நீங்கள். இப்பிடிப் பக்தியான குடும்பத்தை எங்கடை ஊரிலையும் காணேலாது." இரண்டு கைகளாலும் புகையை அள்ளிக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

தூபக்கால் வீட்டில் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் புகழ்ச்சி காதில் விழுந்தால் என் மூக்கு வேலை செய்யாது.

"ஓம் அக்கா, எங்கடை கார் எப்பவும் அப்பிடித்தான்" என்றேன்.

"இஞ்சாருங்கோ, தூபக்காலை வீட்டை வைச்சிட்டெல்லோ வந்தனீங்கள்?" என்றாள் இராசமலர்.

"நீ பேசாமல் இரு."

அம்மா இன்னொரு தரம் புகையை அள்ளினார். இருமினார். பிறகு, "ஐயோ, சுடுது! கீழை சுடுதடி பிள்ளை!" என்று அலறினார்.

ஒரு மதகுக் கட்டையோரம் காரை நிறுத்தினேன். சீற்றுக்குக் கீழிருந்து நெருப்பு நாக்கை நீட்டியது. அம்மாவின் சேலைக் கரை பற்றிக்கொண்டது. இளையதம்பி முன்கதவால் வெளியே பாய்ந்துவிட்டார். இராசமலர் அம்மாவின் மடிக்கு மேலால் எட்டிப் பின்கதவைத் தள்ளினாள். நான் என்ன செய்தேன்? காரைச் சுற்றி ஓடிவந்து கத்தினேன்.

"கவனம்! கதவு கட்டையிலை முட்டும்! பெயின்ற் போகும்!"

சத்தியமாக இதைத்தான் கத்தினேன்.

"உங்கடை பெயின்றிலை இடி விழ!" என்றாள் இராசமலர். காலால் ஒரு உதை விட்டாள். கதவு கட்டையில் மோதித் திறந்தது. அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டு அப்படியே வாய்க்காலுக்குள் விழுந்தாள். கடகம் போல இருக்கிறவள் அந்தச் சரீரத்தை எப்படித் தூக்கினாளோ, கோயில் அம்மாளாச்சிக்குத்தான் வெளிச்சம். நானும் இளையதம்பியும் சேற்றை அள்ளி அள்ளி எறிந்து காரை அணைத்தோம். சீற்றில் மிஞ்சியது சுருள்கள்தான்.

ஒரு மாட்டுவண்டியில்தான் வீடு வந்து சேர்ந்தோம். இராசமலருக்கு இரண்டு கையும் கொப்புளித்திருந்தது. அம்மாவுக்குக் கெண்டைக்காலில் சூடு. இரஞ்சிதம் அவர் காலடியில் இருந்து மெதுவாக மருந்து பூசினாள். எல்லாம் முடிந்தது, பிள்ளையின் வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்டுவிட்டேன் என்று நான் கரி முகத்தோடு மூலையில் நின்றேன்.

சிவனேஸ்வரி அம்மா பிள்ளையைப் பார்த்தார். இராசமலரின் கைகளைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஒண்டு மட்டும் உண்மையாச் சொல்லுங்கோ. பிள்ளை குணத்திலை தாயைப் போலையோ, தகப்பனைப் போலையோ? தாயைப் போலை எண்டால் எனக்கு இப்பவே சம்மதம்."

என் மகள் அப்படியே என்னைத்தான் உரித்து வைத்திருக்கிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். இரஞ்சிதம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். இந்த ஒரு தரமாவது பெருமையை விடச் சொல்லி அந்தப் பார்வை கெஞ்சுவது எனக்கு விளங்கியது.

"தாயைப் போலைதான் அக்கா" என்றேன். "என்ரை குணம் ஒரு பொட்டும் இல்லை."