முன்பணம்

சுபிக்ஷாவின் ஆசைக்கு அன்றைய விலை ஒன்றேகால் லட்சம் ரூபாய். விலை வைத்தவர் அவளைப் பெற்ற மாணிக்கம். கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் இருபத்திரண்டு வருடமாகப் பூக்கடை நடத்துபவர். தராசில் ஏறாத பொருளுக்கும் ஒரு விலை சொல்லிவிடுவார்.

கோயமுத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் மே மாதமே அவளுக்கு இடம் பிடித்து, திரும்பி வராத முன்பணமாக ஒன்றேகால் லட்சம் கட்டியாயிற்று. நேற்றுதான், இங்கே கொல்கத்தாவிலேயே பொருளாதாரம் படிக்க அவள் மனுப் போட்டிருந்த கல்லூரியின் பட்டியலில் பெயர் வந்தது. கட்டணம் பதினெட்டாயிரத்து நானூறு. இன்று இரண்டு மணிக்குள் கட்டாவிட்டால் இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும். இப்போது மணி ஒன்று நாற்பது. பணம் அப்பாவின் கணக்கில். ஓடிபி வருவதும் அவருடைய போனுக்குத்தான்.

“ஒண்ணேகால் லட்சம்ட்டி,” என்றார் மாணிக்கம், மல்லிகைக் கூடையின் மேல் ஈரத்துணியை இழுத்துவிட்டபடி. “கங்கையில போட்டிருந்தா பொளக்குனு ஒரு சத்தமாவது கேட்டிருக்கும்.”

“நான் போனாலும் அது வராது, போகாட்டாலும் வராதுப்பா.”

“போனா படிப்பாவது வரும்லா?”

“வருஷா வருஷம் ரெண்டே முக்கால் லட்சம் கட்டினா வரும். அதுவும் எனக்கு வேண்டாத படிப்பு.”

“வேண்டிய படிப்பு படிச்சு என்ன செய்யப் போற? பேங்க் வாசல்ல நின்னு வட்டி சொல்லப் போறியா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் பட்டாபி வந்து நின்றார். கரியாஹாட் பக்கத்துக் கல்யாண மண்டபங்களுக்கு அலங்காரம் செய்பவர். பழைய வாடிக்கை, ஆகவே பழைய எதிரி. காலை முகூர்த்தத்துக்கென்று வரவழைத்த இருபது கிலோ மல்லிகை, விமானம் தாமதமாகி, தாலி ஏறிய பிறகு வந்து சேர்ந்து கேட்பாரற்றுக் கிடந்தது. அது பட்டாபியின் மூக்குக்கு எட்டியிருந்தது.

“கிலோ நூத்தம்பது ஓய்.”

“அறுநூறுக்கு வாங்கினது சாமி.”

“வாங்கினது உம்ம பாடு. மொட்டு இப்பவே வாயைத் திறக்கறது. சாயங்காலம் மாடுகூட மோந்து பார்க்காது.”

“இருநூறு. எடுத்துட்டுப் போங்க.”

“காசு நாளைக்கு.”

“சரி.”

எட்டாயிரம் ரூபாய் நஷ்டம் நாலு மூச்சில் முடிந்தது. மாணிக்கத்தின் புருவம்கூட அசையவில்லை. பட்டாபியின் ஆள் கூடையைத் தராசுக்குத் தூக்கினான். மணி ஒன்று ஐம்பத்திரண்டு.

“அப்பா, அறுநூறுக்குக் குறைஞ்சு தரமாட்டேன்னு ஏன் சொல்லல?”

“கிறுக்கு மாதிரி கேக்காத. வாங்கின விலையைப் பிடிச்சுத் தொங்கினா பூ காத்துக்கிட்டு இருக்குமா? போனது போச்சு. இனிமே கைக்கு என்ன வருது, அதான் கணக்கு.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. சுபிக்ஷா சிரிக்கவில்லை, சிரித்தால் காரியம் கெட்டுவிடும்.

“பூ விஷயத்துல ஒரு நாளும் தப்பாத மனுஷன், பணம் கட்டின காலேஜ் சீட்டு விஷயத்துல மட்டும் ஏன் தொங்குறாரு? நீங்க மட்டுமா, எல்லாரும்தான். பெரிய பெரிய கம்பெனிக்காரனும் இதையே பண்றான். ஏன்னு தெரியணும்ப்பா எனக்கு. அதைத்தான் இந்தப் படிப்புல கேக்குறாங்க.”

“அப்போ என்னையே வச்சுப் படிக்கப் போற?”

“காசு கேக்காத சாம்பிள் நீங்கதானே.”

அனுமதிக்குக் காத்திராமல் தன் போனில் கட்டணப் பொத்தானை அழுத்தினாள். அவர் சட்டைப்பையில் போன் சிணுங்கியது. அவள் திரையில் மூன்று நிமிடம் இறங்கத் தொடங்கியது.

மாணிக்கம் கண்ணாடியைப் போட்டார், எண்ணைப் படித்தார், போனை மடக்கிய கைக்குள் வைத்துக்கொண்டார்.

“கோயமுத்தூர்ல அந்தச் சீட்டுக்கு அலைஞ்சது உன் மாமன். புள்ளைய அனுப்பி வைக்கேன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன். காசு கெடக்கு, போவுது. என் வாக்குக்கு உன் படிப்புல என்ன விலை போட்டிருக்கு?”

இரண்டு நிமிடம் பத்து விநாடி.

“தெரியலப்பா,” என்றாள். “மாமாகிட்ட நானே பேசட்டுமா?”

“வேண்டாம். வாக்குக் குடுத்தவன்தான் பேசணும்.” அவர் கையை விரித்தார். “எழுது. நாலு, ஏழு...”

“அண்ணே, எடை சரியா பாருங்க!” என்று பட்டாபியின் ஆள் கத்தினான். மாணிக்கம் திரும்பி, முள் நிற்கும்வரை பார்த்து, தலையாட்டிவிட்டு, அவசரமே இல்லாமல் மறுபடி போனைப் பார்த்தார். நாற்பது விநாடி.

“...ஏழு. ரெண்டு, சைபர், ஒம்பது, ஒம்பது.”

திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பச்சையாயிற்று.

மாணிக்கம் கடை நோட்டை எடுத்து அன்றைய பக்கத்தில் எழுதினார்:

பட்டாபி, மல்லி 20 கிலோ, வரவேண்டியது 4,000.
சுபிக்ஷா, பொருளாதாரம், கொடுத்தது 18,400.
துண்டு விழுவது 14,400.
கோயமுத்தூர் மச்சானுக்கு ஒரு வாக்கு, பாக்கி.