இரண்டு ஜோடி சக்கரம்

எங்கள் வண்டிக்கு இரண்டு ஜோடி சக்கரம் உண்டு. அகலமான, வழவழப்பான டயர் போட்ட ஜோடி தார்ச்சாலைக்கு. அது எனக்கு. முன்சக்கரம் உயரமும் ஒல்லியுமாக, கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர் போட்ட ஜோடி மண்பாதைக்கு. அது என் தங்கைக்கு. வாரநாட்களில் நான் வண்டியை வேலைக்கு எடுத்துப்போவேன். சனிக்கிழமை சின்னவள் வருவாள். இருவருமாகச் சக்கரத்தை மாற்றுவோம். ஞாயிறு காலை அவள் மலையடிவாரப் பாதைகளில் சுற்றிவிட்டு, சேறும் சகதியுமாக வண்டியைக் கொண்டுவந்து கழுவி, என் சக்கரத்தை மாட்ட உதவிவிட்டுத் தன் வீட்டுக்குப் போவாள்.

இத்தாலியில் செய்த ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள். ஆளுக்குப் பாதி போட்டுப் பழையதாக வாங்கினோம். அம்மா அதற்கு வைத்த பேர் துரைசானி. மழை பெய்தால் ஹார்ன் அடிக்காது. வால்வு இடைவெளியை நேரத்துக்குப் பார்த்துச் சரிசெய்யாவிட்டால் காலையில் கிளம்ப முரண்டு பிடிக்கும். ஒரு சின்ன ரப்பர் வளையம் வேண்டுமென்றால்கூட அது கடல் தாண்டி வரும்வரை காத்திருக்க வேண்டும். "துரைசானிக்கு இன்னிக்கி உடம்பு தேவலையா?" என்று அம்மா கேட்டால், வண்டி மூடியைக் கழற்றிப்போட்டுக் கிடக்கிறது என்று அர்த்தம். ஆனால் கிளம்பிவிட்டால் அதன் துடிப்பு கைப்பிடி வழியாக முழங்கைவரை ஏறும். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கக் குனிந்து, எறும்புத் தலை அளவு திருகாணிகளைத் திருகிக்கொண்டிருப்பவளுக்கு அந்தத் துடிப்பு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சக்கரம் மாற்றுவதில் எங்களுக்குள் ஒரு விதி. யார் ஓட்டப்போகிறாளோ அவள்தான் முன் அச்சைக் கடைசியாக இறுக்க வேண்டும். முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் போர்க்கின் அடிப்பாகம் அலுமினியம். அச்சைக் கவ்விப் பிடிக்கும் சின்ன போல்ட்டுகள் அந்த அலுமினியத்தில்தான் ஏறுகின்றன. குறைவாக இறுக்கினால் ஆபத்து, அதிகமாக இறுக்கினால் மரை தேய்ந்துவிடும். அதற்காகவே, சரியான இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சத்தம் போடும் ஸ்பானர் ஒன்று வாங்கிவைத்திருந்தோம். உயிர் அவளுடையது, டிக்கும் அவளுடையது என்று சின்னவள்தான் இந்த விதியைச் சொன்னாள்.

சில வாரங்களாக எங்களுக்குள் வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வண்டியின் பின்சட்டத்தை அறுக்க வேண்டும் என்கிறாள் அவள். பின்சீட்டைத் தாங்கும் இரும்புக் குழாய்கள் வால்போல நீண்டிருக்கின்றன. செங்குத்தான சரிவில் இறங்கும்போது உடம்பைச் சீட்டுக்கும் பின்னால் தள்ளிக்கொண்டு இறங்க வேண்டும். அப்போது அந்த வால் அவள் காற்சட்டையைக் கொக்கிபோட்டு இழுக்கிறது. ஒருமுறை விழுந்தே விட்டாள். தொடையில் கருநீலமாகக் கன்றியிருந்ததை அம்மா இல்லாத நேரத்தில் காட்டினாள்.

"வால அறுத்துட்டா ஒத்த சீட்டுதான். உனக்கு ஓட்டுறதுக்கு எதுவும் மாறாது. அறுத்துறலாமாக்கா?"

"பாக்கலாம்," என்றேன்.

எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் முடியாது என்றுதான் பொருள். ஆனால் முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்கலாம், பாக்கலாம் என்றால் கேட்க முடியாது. அடுத்த சனிக்கிழமையும் கேட்டாள். அடுத்ததும். பின்விளக்கை எங்கே வைப்பது என்றேன். அறுத்ததை ஒட்ட முடியாது என்றேன். பாக்கலாம் என்றேன். பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

அந்தச் சனிக்கிழமையும் கொல்லைப்புறக் கொட்டகையில் சக்கரம் மாற்றினோம். மறுநாள் அவளோடு வண்டி ஓட்டும் பெண்கள் குழு புதிதாக ஒரு நீளமான பாதையில் போவதாக இருந்தது, சரிவுகள் அதிகம். அதைப் பற்றி அவள் அதிகம் பேசவில்லை. மண் சக்கரத்தை மாட்டினாள், செயினைச் சரிபார்த்தாள், போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினாள். டிக். டிக். கை கழுவ உள்ளே போனாள்.

அவள் போனதும் நான் ஸ்பானரை எடுத்தேன். எப்போதும் செய்வதுதான். டிக் என்றபின் இன்னும் ஒரு சின்ன அமுக்கு. அவளை நம்பாமல் இல்லை என்று ஒவ்வொரு முறையும் எனக்கே சொல்லிக்கொள்வேன். அன்றைக்கு போல்ட் கைக்குத் தடையே கொடுக்காமல் திரும்பியது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். மேலும் திரும்பியது. வெளியே இழுத்தேன். போல்ட்டைச் சுற்றிக்கொண்டு அலுமினிய மரை பளபளவென்று நூல் சுருளாகக் கழன்று வந்தது.

"என்னக்கா பண்ற?"

துண்டால் கையைத் துடைத்தபடி கொட்டகை வாசலில் நின்றாள்.

"சும்மா... சரியா இருக்கான்னு பாத்தேன்."

"நான்தான இறுக்கினேன்? டிக் கேட்டுச்சில்ல?"

"கேட்டுச்சு."

"அப்புறம் என்ன பாக்க?"

போல்ட்டை நீட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தான் பார்ப்பாள்.

"எப்பவும் இப்படிப் பாப்பியா?"

"எப்பவும்தான்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்தாள்.

"நானும்தான்," என்றாள்.

"என்ன நீயும்?"

"ஞாயித்துக்கிழமை உன் சக்கரத்த நீ இறுக்கிட்டு டீ போட உள்ள போவேல்ல? அப்ப நான் ஒரு திருகு. தினம் லாரிக்கு நடுவுல போறவ, கொஞ்சம் விட்டுட்டான்னு வச்சுக்கோ..."

"நான் எப்ப விட்டேன்?"

"நான் மட்டும் எப்ப விட்டேன்?"

கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. "முன்னாடியே தெரிஞ்சிருந்தா எம் பங்குக்கு நானும் வந்து ஒரு திருகு திருகியிருப்பேன்," என்றாள்.

சின்னவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் என் பின்னால் அப்படிச் செய்தது எனக்குச் சுருக்கென்றது. நான் செய்தது அவளுக்கு எப்படியிருக்கும் என்பது அதற்கும் பிறகுதான் தோன்றியது. இந்த வரிசை எனக்குப் பிடிக்கவில்லை.

போர்க்கின் அந்தப் பக்கத்துக் காலைக் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றி, ஆட்டோவில் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். துளையைப் பெரிதாக்கி உள்ளே எஃகுச் சுருள் வைத்துப் புது மரை போட்டுத் தருவதாக லேத்காரர் சொன்னார். "உங்கள்ல யாரும்மா பயில்வான்?" என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "நான்" என்றோம்.

அவர் வேலை முடிக்கும்வரை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் யாருக்கோ செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். நான் பின்சீட்டைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதில் யார் உட்காருகிறார்கள்? என் சாப்பாட்டுப் பைதான். வலைபோட்டுக் கட்டிக் கொண்டுபோகிறேன். அம்மா ஒருமுறை ஏறி, தெருமுனைவரை போய், "இறக்கி விடு, நடந்தே வர்றேன்" என்று இறங்கிக்கொண்டவள். மற்றபடி அந்த இடம் சின்னவளுடையது. வண்டி வாங்கிய புதிதில் அவளுக்கு ஓட்டத் தெரியாது. என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கதைகளை வழிநெடுகச் சொல்லுவாள், திருப்பங்களில் என் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டாள். என்னைவிட நன்றாகவே.

விளக்கு, ஒட்ட முடியாத குழாய் என்று நான் சொன்ன காரணங்கள் பொய்யில்லை. ஆனால் அவற்றுக்காக நான் மறுக்கவில்லை. அவளுடைய இடம் காலியாகவாவது இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். அதற்கு விலையாக அவள் தொடை கன்றிப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்து போர்க்கை மாட்டினோம். அவள் இறுக்கினாள். டிக் என்றது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் அதைப் பார்த்தாள்.

"வால அறுத்துடு," என்றேன்.

"மரை போனதுக்குப் பரிகாரமா?"

"இல்ல."

"இப்ப சரிம்ப. அறுத்தப்புறம் மாசக்கணக்கா மூஞ்சத் தூக்கி வச்சுக்குவ. எனக்குத் தெரியாதா உன்ன?"

"எனக்குப் பிடிக்கலதான். இப்பவே சொல்லிடறேன். பிடிக்கல. ஆனாலும் அறு."

"பிடிக்கலன்னா ஏன் அறுக்கச் சொல்ற?"

"நீ பின்னாடி உக்காருவேன்னு வச்சிருந்தேன்."

ஸ்பானரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். துடைத்ததையே இன்னொரு தடவை எடுத்துத் துடைத்தாள்.

"உன் பின்னாடி உக்காந்தா எனக்கு ரோடே தெரியாதுக்கா. உன் முதுகு தெரியும், ஒரு காது தெரியும். அவ்வளவுதான். அதுக்காகத்தான் ஓட்டவே கத்துக்கிட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு? முன்னாடி நான் உக்காரட்டுமான்னா? நீ பாக்கலாம்னிருப்ப."

சொல்லியிருப்பேன்.

பிறகு வேலையைத் தொடங்கினோம். பாட்டரி இணைப்பைக் கழற்றினோம். பெட்ரோல் டாங்கை எடுத்து வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தோம். சீட், பின்விளக்கு, நம்பர் பலகை எல்லாவற்றையும் நான் கழற்றினேன். அவள் தன் பையிலிருந்து விரலளவு ஒரு புது விளக்கை எடுத்து மேசைமேல் வைத்தாள். எப்போது வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை. அம்மா கொடியிலிருந்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "துரைசானிக்கு ஆபரேஷன்னு சொல்லுங்க," என்றாள்.

குழாயில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, அறுக்கும் மெஷினைச் சின்னவள் பிடித்தாள். பொறி பறந்தது. காதைப் பொத்திக்கொண்டேன், கண்ணை மூடவில்லை. முதல் குழாய் விழுந்தது. இரண்டாவது கொஞ்சம் நேரம் எடுத்து விழுந்தது. வெளியே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்த குழாய் உள்ளே சாம்பல் நிறமாக, வெறும் இரும்பாக இருந்தது. நான் நினைத்ததைவிட மெல்லியது.

பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, "நீ பாரேன்," என்றாள். "ரெண்டும் சமமா இருக்கா?"

குனிந்து பார்த்தேன். நகத்தின் கனம் அளவு வித்தியாசம் இருந்தது.

"எடது பக்கம் நீளம்," என்றேன்.

"எங்க?"

விரலை வைத்துக் காட்டினேன். அவள் அரத்தை எடுத்து அந்த இடத்தில் ராவத் தொடங்கினாள்.