மாலைக்குத் தகுதியான பல்கலைக்கழகம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. கோப்பெங்கில் ஒரு டயர் கடையில், பின்சக்கரம் மாற்றக் காத்திருந்தபோது மகேந்திரன் சொன்னது. "யார்கிட்டயும் சொல்லிறாத" என்று சொல்லிவிட்டுத்தான் சொன்னான். ஓர் எழுத்தாளனிடம் வந்து அப்படிச் சொல்கிறவன் எதை எதிர்பார்க்கிறான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

(கதைக்குள் வந்தபின் அவன் 'அவர்' ஆகிவிடுவான். அச்சில் மரியாதை கூடுவது வழக்கம்தான்.)

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நானும் மகேந்திரனும் பிறந்த ரப்பர் தோட்டம் சிலிம் ரிவர் பக்கம் இருந்தது. இப்போது அங்கே பாதி செம்பனை, பாதி வீடமைப்புத் திட்டம். மாரியம்மன் கோயில் மட்டும் பாக்கி. திருவிழாவுக்கு எல்லா ஊர்களிலிருந்தும் வந்து கூடுவோம். அந்தத் திருவிழா மலருக்குக் கோயில் தலைவர் ஐயாவு அண்ணன் என்னிடம் ஒரு கதை கேட்டார். "ஊக்கமூட்டுற மாதிரி இருக்கணும் தம்பி. கடைசியில பட்டமளிப்பு அங்கி வரணும். யுனிவர்சிட்டி பேரு கொஞ்சம் பெருசா போட்டுக்க."

எனவே இப்படித் தொடங்கினேன்:

ஏழ்மையிலும் கல்வியைக் கைவிடாத தினேஸ்வரி, மண்ணெண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியில்—

அதோடு நிறுத்திவிட்டேன். தினேஸ்வரி மகேந்திரனின் மகள். பத்தொன்பது வயது. ஈப்போவில் இரண்டு ஏர்கோன் மாட்டிய வீட்டில் வளர்ந்தவள். மண்ணெண்ணெயின் வாசனைகூட அவளுக்குத் தெரியாது.

இரண்டாவது தொடக்கம்: உலகின் தலைசிறந்த பல்கலைக்கழகங்களின் பட்டியலை மகேந்திரன் மனப்பாடமாக வைத்திருந்தார்.

இது உண்மை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

உலகின் தலைசிறந்த பல்கலைக்கழகங்களின் பட்டியலை மகேந்திரன் மனப்பாடமாக வைத்திருந்தார். எந்தப் பல்கலைக்கழகத்தில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டால் விழிப்பார். எது எதற்கு மேலே, எது இந்த வருஷம் நான்கு படி சறுக்கியது, எது சத்தமில்லாமல் ஏறி வருகிறது என்று கேட்டால் கால்பந்து அட்டவணையை ஒப்பிப்பதுபோல ஒப்பிப்பார். இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவர். பதினெட்டு வருஷமாக ஈப்போவில் தேனப்பச் செட்டியாரின் டிரைவராகக் காடி ஓட்டுகிறார்.

இந்த ஆராய்ச்சிக்குக் காரணம் எங்கள் கோயில் மேடை. திருவிழாவின் இரண்டாம் நாள், பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளைப் பெற்றோரோடு மேடைக்கு அழைத்துச் சிறப்பிப்பது வழக்கம். யாருக்கு எவ்வளவு சிறப்பு என்பதில் சண்டை வராமலிருக்க ஐயாவு அண்ணன் ஒரு சட்டம் போட்டார். உலகத் தரவரிசையில் முதல் நூறுக்குள் இருந்தால் மாலை. முந்நூறுக்குள் இருந்தால் பொன்னாடை. மற்றவர்களுக்குப் பேனா.

(இதனால் சண்டை வராமலா இருக்கும்? போன வருஷம் வீரம்மா அக்காவின் மகனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இந்த வருஷம் அவன் படிக்கும் இடம் தொண்ணூற்று ஏழாவதாக ஏறிவிட்டது. அக்கா பட்டியலை அச்செடுத்துக்கொண்டு வந்து, பொன்னாடையைத் திருப்பித் தருகிறேன், மாலையைப் போடு என்று நின்றார். நிர்வாகம் இரண்டு மணி நேரம் கூடிப் பேசி, மைக் இல்லாமல், சமையல் கொட்டகையில் வைத்து மாலை போட்டது. சறுக்கி விழுந்த இன்னொரு பல்கலைக்கழகத்துப் பிள்ளையிடமிருந்து பழைய மாலையைத் திரும்ப வாங்கலாமா என்றும் ஒருவர் கேட்டார். அது வாடிப்போயிருந்ததால் அந்தக் குடும்பம் தப்பித்தது.)

மகேந்திரன் ஒவ்வொரு வருஷமும் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று கைதட்டுவார். மேடை ஏறியவர்கள் இறங்கி வரும்வரை அவர்களுடைய செருப்பை யாரும் மிதித்துவிடாமல் ஒதுக்கி வைப்பார். ஒரே ஒரு முறை தன் செருப்பை அங்கே கழற்றிவிட்டு ஏற வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. மகளுக்காக என்றுதான் சொல்லிக்கொண்டார். எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஆனால் அந்த ஆசையைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

3

தினேஸ்வரிக்கு எஸ்டிபிஎம் என்ற உயர்நிலைப் பரீட்சையில் நல்ல புள்ளிகள். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பன்னிரண்டு கட்டங்களில் பன்னிரண்டு விருப்பங்களை வரிசைப்படுத்தித் தரலாம். கடைசி நாள் மாலை ஐந்து மணிவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். முதல் கட்டத்தில் இருப்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் என்பது அவளுடைய ஆசிரியர் சொன்னது.

அந்தச் சமயத்தில் ஒருநாள் மகேந்திரன் செட்டியாரைக் கோலாலம்பூருக்கு அழைத்துப் போனார். தாப்பா தாண்டியதும் செட்டியார் பேச்சைத் தொடங்கினார். மகள் தேவிஸ்ரீ விஷயமாகக் கவலை.

"ரெண்டு எடத்துல கெடச்சிருக்கு மகேந்திரா. ஒன்னு உலகத்துல ஆறாவது. இன்னொன்னு ஒன்பதாவது. மூனு நாளா சரியா சாப்பிடக்கூட முடியல."

"ரெண்டுமே மேலதானே மொதலாளி?"

"நீ வேற. ஆறுக்கும் ஒன்பதுக்கும் உள்ள வித்தியாசம் நாளைக்குச் சம்பந்தம் பேசுறப்பதான் தெரியும்." பெருமூச்சு விட்டுவிட்டுக் கேட்டார்: "ஒம் பொண்ணு எங்க போடுது?"

மகேந்திரன் கண்ணாடியைப் பார்க்காமல் சொன்னார். "மலாயா பல்கலைக்கழகம் மொதலாளி. அதான் மொத விருப்பம்."

"நல்ல எடம்" என்றார் செட்டியார்.

அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு மகேந்திரன் தஞ்சோங் மாலிம்வரை சந்தோஷமாக ஓட்டினார். அந்த ஊர்ப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் சந்தோஷம் இறங்கிவிட்டது. ஏனென்றால் மகள் முதல் கட்டத்தில் போட்டிருந்தது மாலை கிடைக்கும் மலாயா அல்ல. தஞ்சோங் மாலிமில் இருக்கும் ஆசிரியர் பல்கலைக்கழகம். சிறப்புக் கல்வி. ஐயாவு அண்ணனின் சட்டப்படி, பேனா.

அன்று வீடு திரும்பியதும் தொலைக்காட்சிக்கு அடியில் இருந்த நோட்டுப்புத்தகத்தைப் பார்த்து, மகளின் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே நுழைந்து, மலாயாவை முதல் கட்டத்துக்கு ஏற்றினார். துறை கிழக்காசிய ஆய்வியல். அது என்ன படிப்பு என்று அவருக்குத் தெரியாது. அவளுடைய புள்ளிகளுக்குக் கிடைக்கும் என்று திரையில் காட்டியது, அது போதும்.

மறுநாள் பார்த்தால் தஞ்சோங் மாலிம் மேலே.

அவர் மாற்றினார். அவள் மாற்றினாள். மூன்று வாரம் இப்படியே போனது. ஒவ்வொரு தடவையும் 'வெற்றிகரமாகப் புதுப்பிக்கப்பட்டது' என்று மலாய் மொழியில் வாழ்த்து வந்தது. வீட்டில் ஒருவரும் இதைப் பற்றிப் பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் அவர் மனைவி கலாதேவி மீன் குழம்பு ஊற்றுவார்.

"உப்பு கம்மியா இருக்குல்ல?" என்பார் மகேந்திரன்.

"கொஞ்சம் கம்மிதான்பா" என்பாள் தினேஸ்வரி.

அப்பாவும் மகளும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

4 (இங்கே கதை எனக்கு இடறியது)

தினேஸ்வரிமேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மாலை கிடைக்கும் இடத்தை விட்டுவிட்டு பேனா கிடைக்கும் இடத்துக்குப் போக ஆசைப்படும் பெண்ணை வாசகர் நம்ப வேண்டுமே. ஒரு காரணம் தேவைப்பட்டது.

அவளுக்கு வாய் பேசாத ஒரு சித்தப்பா மகள் இருந்தாள். அந்தக் கண்களில்—

இல்லை, அப்படி யாரும் இல்லை. நேரில் போய் அவளிடமே கேட்டேன். பரீட்சை முடிந்த பிறகு ஈப்போவில் சிறப்புக் குழந்தைகளுக்கான ஒரு மையத்தில் தற்காலிகமாக வேலை செய்துகொண்டிருந்தாள்.

"புடிச்சிருக்கு அங்கிள்" என்றாள்.

"அவ்வளவுதானா?"

"வேற என்ன வேணும்?"

கதாபாத்திரம் ஒத்துழைக்க மறுத்தால் எழுத்தாளன் என்ன செய்ய முடியும்? இதற்கிடையில் நகலைப் படித்துவிட்டு ஐயாவு அண்ணன் ஒரு குரல்பதிவு அனுப்பினார். "தம்பி, மலாயாவும் வேணாம், தஞ்சோங் மாலிமும் வேணாம். பேசாம அந்தப் பொண்ண லண்டனுக்கு அனுப்பிரு. அச்சடிக்கிற செலவு ஒன்னுதானேலா?"

அதில் நியாயம் இருக்கிறது. மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கும் யோக்கியதை எனக்கும் இல்லை. என் புத்தகங்களின் பின்னட்டையில் 'மலாயாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்' என்று இருக்கும். மூன்று நாள் சிறுகதைப் பட்டறை அது. மதியச் சாப்பாடும் போட்டார்கள். பயின்றேன் என்பதைப் பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

5

கடைசி நாளுக்கு முதல் நாள், மகேந்திரன் மகளைக் கூட்டிவர அந்த மையத்துக்குச் சீக்கிரமாகவே போனார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். ஒரு மேசைக்கு அடியில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதே மேசைக்கு அடியில், முழங்காலை மடக்கிக்கொண்டு, தினேஸ்வரியும் உட்கார்ந்திருந்தாள். பேசவில்லை. தொடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். நாற்பது நிமிஷம். அதற்குப் பிறகு அந்தச் சிறுமி தானாகவே வெளியே வந்து, தினேஸ்வரியின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மகேந்திரன் திரும்பிப் போய்க் காடியில் உட்கார்ந்துகொண்டார். மகள் வந்து ஏறியதும் "பசியாறுனியா?" என்று கேட்டார். காலைச் சாப்பாட்டைப் பற்றிச் சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கேட்கிற கேள்வியா அது? அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு அழுகை வந்தது. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று கைதட்டிய வருஷங்களில் இப்படி ஒன்றை எந்த மேடையிலும் தான் பார்த்ததில்லை என்று டயர் கடையில் என்னிடம் சொன்னார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கடைசி நாள். அன்று காலை முதல் கட்டத்தில் இருந்தது மலாயா. அதை வைத்தது அவர்தான், இரண்டு நாளைக்கு முன்பு. மகள் ஏனோ இன்னும் மாற்றவில்லை. செட்டியார் ஈப்போவில் ஒரு வங்கிக்குள் போயிருந்தார். மணி நாலரை. மகேந்திரன் கைப்பேசியை எடுத்தார். தன் கையாலேயே தஞ்சோங் மாலிமை மேலே ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்திருந்தார்.

கடவுச்சொல் தவறு என்றது திரை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் அடித்தார். தவறு. மகள் மாற்றிவிட்டாள், என்மேல் அவ்வளவுதான் நம்பிக்கை என்று நினைத்தார். அதே நேரம் கைப்பேசி அலறியது.

"அப்பா, பாஸ்வோர்ட மாத்திட்டீங்களா?" தினேஸ்வரியின் குரல் உடைந்திருந்தது. "மலாயா வேணும்னா நேரா சொல்லியிருக்கலாம்தானே? இப்படியா செய்வீங்க?"

"நான் மாத்தலம்மா. நீதான் மாத்திட்டேன்னு..."

மூன்று வாரத்தில் இதைப் பற்றி அவர்கள் பேசிய முதல் பேச்சு இதுதான். பேச்சுக்கு நடுவே குடும்ப வாட்ஸ்அப்பில் கலாதேவியின் குரல்பதிவு வந்து விழுந்தது.

"பாஸ்வோர்ட நான்தான் மாத்துனேன். ரெண்டு பேரும் தனித்தனியா எனக்குப் போன் அடிங்க. ஒருத்தர ஒருத்தர் கேக்காம, ஒரே பேரச் சொல்லணும். ஒரே பேரா இருந்தா தெறந்து விடுறேன். இல்லாட்டி எது மேல இருக்கோ அதுவே போகட்டும். மணி நாலு நாப்பத்தொன்னு."

6

இனி முடிவு. என்னிடம் சில இருக்கின்றன.

ஐயாவு அண்ணனுக்கான முடிவு: லண்டன், மாலை, அங்கி. இலக்கியப் பத்திரிகைக்கான முடிவு: மகேந்திரன் கைப்பேசியை இருக்கையில் போட்டுவிட்டு ரயில் தண்டவாளத்தை வெறிக்கிறார். (அந்த வங்கிக்குப் பக்கத்தில் தண்டவாளம் இல்லை. போட்டுவிடலாம்.)

எனக்கு உண்மையிலேயே பயமாக இருப்பது மூன்றாவது. அப்பா தஞ்சோங் மாலிம் என்பார், அது நமக்குத் தெரியும். முதல் நாள் காடியில் அப்பா அழுததைப் பார்த்த மகள், போகட்டும், அவர் ஒரு தடவை மேடை ஏறட்டும் என்று மலாயா என்று சொல்லிவிட்டால்? பாசத்தாலேயே இரண்டு பேர் மாறி மாறித் தோற்றுப்போகலாம். அப்போது மேலே இருப்பது கிழக்காசிய ஆய்வியல்.

டயர் கடையில் மகேந்திரன் இந்த இடத்தோடு நிறுத்திவிட்டார். டயர் மாற்றி முடிந்திருந்தது. தினேஸ்வரியைக் கேட்டால் "அம்மாவக் கேளுங்க அங்கிள்" என்றாள். ஆகவே நான் கலாதேவியைத் தேடிப் போனேன். ஈப்போவில் ஒரு கிளினிக்கில் பதிவு முகப்பில் இருக்கிறார். கையில் இந்தக் கதையோடு போய் நின்றேன்.

"ரெண்டு பேரும் என்ன சொன்னாங்க தங்கச்சி?"

அவர் காகிதங்களை வாங்கிப் புரட்டினார். "எத்தனை பக்கம்ணே இது?"

"ஏழு."

"இதுல நான் என்ன செய்றேன்?"

நானும் எட்டிப் பார்த்தேன். மூன்றாம் பகுதியில் குழம்பு ஊற்றியிருந்தார். கடைசியில் ஒரு குரல்பதிவு.

"மூனு வாரமா அவங்க ரெண்டு பேரும் என்னிய ஒரு வார்த்தை கேக்கல. நானும் அந்த வீட்டுலதானே இருக்கேன்?" கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது. "நீங்க எழுதி முடிச்சிட்டு வந்து முடிவு கேக்குறீங்க. எழுதுறதுக்கு முன்னாடி வந்திருக்கணும்லா அண்ணே."

அடுத்த நோயாளியின் எண்ணைக் கூப்பிட்டார். நான் ஒதுங்கிக்கொண்டேன்.

ஆக, எனக்கும் உள்ளே நுழைய வழியில்லை. நீங்கள் ஈப்போ பக்கம் போனால் கேட்டுப் பாருங்கள், உங்களிடம் சொன்னாலும் சொல்வார். ஆனால் அப்பா என்ன சொன்னார், மகள் என்ன சொன்னாள் என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். உங்களுக்கு எது பிடித்திருந்தது என்று முதலில் அவரைக் கேளுங்கள். அத்தனை நேரம் அந்த முகப்பில் நின்றும் நான் அதைக் கேட்காமலேயே வந்துவிட்டேன்.