கேக் அடுப்பில் வெந்த கத்தி

சதீஸ் உயிர் பிழைத்தது மனைவி ஜீவராணியிடம் வாங்கிய திட்டால்தான். அன்று காலை அடைமழை. "வீட்டுல ஒரு துண்டு பாண் இல்ல, இன்னும் என்ன தூக்கம்?" என்று போர்வையை உருவி அவனை எழுப்பிவிட்டு, அவள் தேயிலைக் கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விட்டாள். ரோட்டில் மரம் விழுந்து கிடந்ததால் ஆட்டோவை வாசலிலேயே விட்டுவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே பேக்கரிக் கடைக்கு நடந்தான். பாணை வாங்கிக் கையில் பிடித்தபோது மலை இறங்கும் சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தால் லயத்தின் வரிசை வீடுகளில் பாதியைக் காணவில்லை. அவர்கள் வீடும் ஆட்டோவும் மண்ணுக்கடியில். எல்லாரும் வேலைக்குப் போயிருந்ததால் ஆள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வீடிழந்த குடும்பங்களைத் தோட்டத்தில் சும்மா கிடந்த, கொழுந்து நிறுக்கும் பழைய கொட்டகையான மடுவத்தில் தங்க வைத்தார்கள். குடும்பங்களுக்கு நடுவே நீலத் தறப்பாள்தான் சுவர். இரண்டு பாய் விரித்தால் சதீஸின் பங்கு முடிந்தது. ஆட்டோ இல்லாதவனுக்குப் போக இடமும் இல்லை. மனைவி வேலைக்குப் போனபின் தறப்பாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். யாராவது பேச்சுக் கொடுத்தால் தலையை மட்டும் ஆட்டுவான்.

ஒருநாள் போனில் யாரோ ஒருவன் பழைய அரத்தைக் காய்ச்சிக் கத்தி செய்யும் வீடியோ வந்தது. சதீஸ் அதை முடிவு வரைக்கும் பார்த்தான். பிறகு திரும்பவும் பார்த்தான். அடுத்த நாள் யட்டியாந்தோட்டைக்கு பஸ் ஏறி, தன் ஆட்டோவை எப்போதும் திருத்தித் தரும், அவன் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் மக்கீனின் கராஜில் போய் நின்றான்.

"நானா, தேஞ்ச அரம் ஏதும் கிடந்தா தாங்க. கத்தி செஞ்சு பார்க்கப் போறேன்."

மக்கீன் காருக்கடியிலிருந்து தலையை நீட்டினார். "ஆட்டோ போன கையோட கத்தி தூக்கப் போறியா தம்பி?"

"காய்கறி வெட்டுற கத்தி நானா. சும்மா ஒரு ஆசைக்கு."

ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் வாயில் ஆசை என்ற சொல் வந்ததைக் கேட்ட மக்கீன், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. தேய்ந்த அரம் ஒன்று, ராவுவதற்கு நல்ல அரம் ஒன்று, பலகையில் இரும்பை இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்ப், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

மடுவத்துக்குள் நெருப்பு மூட்ட முடியாது. வெளியே தண்ணிப் பைப்புக்குப் பக்கத்தில் நான்கு செங்கல் வைத்தால் இடம் சரியாக இருந்தது. சிரட்டைக் கரிக்குப் பஞ்சமில்லை, காற்று ஊதத்தான் வழியில்லை. அப்போதுதான் நிவாரண மூட்டையில் வந்த, தலைமுடி காயவைக்கும் மெஷின் ஞாபகத்துக்கு வந்தது. எந்தப் புண்ணியவதி அனுப்பினாளோ, மடுவத்தில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. அதை ஒரு இரும்புக் குழாயில் சொருகி, உள்ளேயிருந்து வயர் இழுத்து ஊதவிட்டான். கரி புகுபுகுவென்று சிவந்தது.

வேலைவிட்டு வந்த ஜீவராணி கொழுந்துக் கூடையை இறக்கக்கூட இல்லை. "ஊரே வீட்டுக்கு அலையுது. உங்களுக்குக் கத்தி விளையாட்டா?"

அவன் அரத்தைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து ஆறவிட்டான். அப்படி ஆறினால்தான் இரும்பு இளகி ராவ விடும். அடுத்த நாளிலிருந்து கிளாம்பில் மாட்டி ராவ ஆரம்பித்தான். கை கொப்பளித்தது. பின்பக்கம் கனமாகவும் வாய்ப்பக்கம் மெல்லிதாகவும் ஒரு கத்தி மெல்ல மெல்ல இரும்பிலிருந்து வெளியே வந்தது. ராவும் நேரத்தில் அவன் தறப்பாளையும் நினைக்கவில்லை, மண்ணையும் நினைக்கவில்லை.

கத்தி இறுகுவதற்குப் பதம் போட வேண்டிய நாள் வந்தது. காந்தம் ஒட்டாத அளவுக்குக் கத்தியைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீர் வாளியில் முக்கினான். டிக்கென்று ஒரு சத்தம். தூக்கிப் பார்த்தால் நடுவில் தலைமுடி மாதிரி ஒரு வெடிப்பு. லேசாகத் தட்டியதும் இரண்டாக விழுந்தது. செங்கல்லைக் காலால் எத்திவிட்டு உள்ளே போய்ப் படுத்தவன், அன்று சாப்பிடவும் எழும்பவில்லை.

மறுநாள் ஜீவராணி வேலைக்குப் போகவில்லை. எங்கே போகிறாள் என்றும் சொல்லவில்லை. மத்தியானம் திரும்பி வந்தவள் ஒரு தேய்ந்த அரத்தையும் ஒரு டின்னையும் அவன் முன்னால் வைத்தாள்.

"தண்ணியில முக்குனா வெடிக்குமாம். எண்ணெயில முக்கணுமாம், மக்கீன் நானா சொன்னாரு. இது அவரு வீட்டுல ரோல்ஸ் பொரிச்ச எண்ணெ. எந்திரிங்க, நான் ஊதுறேன்."

சதீஸ் அவளையே பார்த்தான். "நீதான விளையாட்டுன்னு சொன்ன?"

"சொன்னேன்தான். நேத்து நீங்க செங்கல்ல எத்துனீங்க. அதுக்கு முந்தி எத்தன நாளு, எதையும் எத்தக்கூட இல்லாம கிடந்தீங்க? இப்படிக் கோவப்பட்டாலும் பரவாயில்ல."

அவன் எழுந்து போய்ச் செங்கல்லை அடுக்கினான்.

இரண்டாவது கத்தியை இருவரும் சேர்ந்து செய்தார்கள். அவன் காய்ச்ச, அவள் மெஷினைப் பிடித்தாள். எண்ணெயில் முக்கியதும் மடுவம் முழுக்க ரோல்ஸ் வாசம். பொதுச் சமையலுக்குப் பொறுப்பான வெள்ளையம்மா அகப்பையும் கையுமாக வெளியே வந்து, "யாருடி எனக்குத் தெரியாம பொரிக்கிறது?" என்று சத்தம் போட்டாள். கத்தி வெடிக்கவில்லை. அரத்தை வைத்துத் தேய்த்தால் கண்ணாடியில் தேய்த்த மாதிரி வழுக்கியது.

ஆனால் அப்படியே விட்டால் கீழே விழுந்ததும் நொறுங்கிவிடும். கேக் வேகும் அளவுச் சூட்டில் ஒரு மணி நேரமாவது வைத்து முறுக்கைத் தணிக்க வேண்டும். அந்தச் சூடு சிரட்டைக் கரியில் நிற்காது. மக்கீனின் மனைவி மஸீஹா வீட்டில் கேக் செய்து விற்பவள். கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு சதீஸ் அவள் சமைக்கும் குசினி வாசலில் போய் நின்றான்.

"யா அல்லாஹ், என்ட கேக்ல இரும்பு வாசம் வந்தா யாரு வாங்குவா?" என்றாள் மஸீஹா. சொல்லிக்கொண்டே கத்தியை வாங்கிச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பழைய தட்டில் வைத்து அடுப்புக்குள் தள்ளினாள். "வேகுறதுக்கு ஒரு மணித்தியாலம் ஈக்கி. இரிங்க தம்பி, பிளேன்டீ குடிங்க."

அவள் முட்டை அடித்துக்கொண்டே, பெரிதாகக் கேட்கும் எண்ணமில்லாமல் கேட்டாள். "மண் சரிஞ்ச அண்டைக்கு நீங்க எங்க இருந்த?"

அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சதீஸ் சொல்ல ஆரம்பித்தான். போர்வையை உருவியது, பாண் வாங்கியது, சத்தம் கேட்டது. ஓடிவந்து மண்ணைப் பார்த்தபோது ஜீவராணி மலையில்தான் இருக்கிறாள் என்பதே மறந்துபோய், அவள் பெயரைக் கத்திக்கொண்டு வெறுங்கையால் தோண்டியது. பின்னாலிருந்து அவள் வந்து தோளைத் தொட்டபோது, நனைந்த பாண் அவன் சட்டைக்குள்ளேயே இருந்தது.

மஸீஹா முட்டை அடிப்பதை நிறுத்தியிருந்தாள். "அல்ஹம்துலில்லாஹ். ரெண்டு பேரும் ஈக்கிறீங்க தம்பி" என்றாள். அவன் பெரிய மூச்சு விட்டான். ஆமாம், இருவரும் இருக்கிறோம் என்று அப்போதுதான் அவனுக்குள் முழுசாக இறங்கியது.

"ராத்தா, பெரிய உபகாரம்" என்றான். அடுப்புக்கா, கேட்டதற்கா என்று அவனுக்கே தெரியவில்லை.

அடுப்பைத் திறந்தபோது கத்தி தேன் நிறத்தில் இருந்தது. அந்த நிறம்தான் வேண்டும் என்று வீடியோக்காரனும் சொல்லியிருந்தான்.

கித்துள் மரத்தில் பிடி போட்டு, கல்லில் தீட்டி முடித்ததும் அதை எடுத்துக்கொண்டு மக்கீன் வீட்டுக்கே திரும்பப் போனார்கள். வெடிக்காமல் வந்த முதல் கத்தி மஸீஹா ராத்தாவுக்குத்தான் என்பது ஜீவராணியின் தீர்மானம். மஸீஹா அதை வாங்கி ஒரு வெங்காயத்தைச் சீவிப் பார்த்தாள். கண்ணாடிபோல் விழுந்த வில்லையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சிரித்தாள். பிறகு கத்தியைத் துடைத்து ஜீவராணியின் கையிலேயே வைத்தாள்.

"எனக்கு ரெண்டாவது போதும். இத அங்க அத்தன பேருக்குச் சமைக்கிற இடத்துல வைங்க."

அன்று பின்னேரம் வெள்ளையம்மா ஒரு பெரிய பிஞ்சுப் பலாக்காயை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கையில் எண்ணெய் தடவி, கத்தியை வைத்து அழுத்தினாள். காய் சட்டென்று பிளந்தது. "அடி ஆத்தே!" என்று அவள் போட்ட சத்தத்துக்கு மடுவமே கூடிவிட்டது. நான் ஒரு துண்டு, நீ ஒரு துண்டு என்று பெண்கள் கத்தியைக் கைமாற்றிக்கொண்டார்கள். வெட்ட வேறு காய் இல்லாமல் போனபிறகுதான் உலை வைத்தார்கள்.

சதீஸ் பைப்படியில் உட்கார்ந்து அடுத்த அரத்தைக் கிளாம்பில் மாட்டினான். ஜீவராணி ஒரு தட்டில் சோறும் பலாக்காய்க் கறியும் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கைய கழுவிட்டு முதல்ல சாப்பிடுங்க" என்று அதட்டினாள்.

அவன் மறுபேச்சில்லாமல் எழுந்து கையைக் கழுவினான்.