மூடியில் ஒரு துவாரம்

...காசிராஜன்தான் ஏதோ செய்திருக்கிறான், வேறு யார், ஒரே அறையில் படுப்பவன், சாவி தொங்கும் ஆணி தெரிந்தவன், இல்லையென்றால் மணிமங்கலத்தில் ஒரே உதையில் கிளம்பிய வண்டி ஒரகடம் போய்ச் சேருமுன் இருமி இருமி ஏன் நிற்க வேண்டும்... நிற்கட்டும், ரெண்டரை ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, தள்ளிக்கொண்டாவது போய்விடுவேன், சட்டைப் பையில் போன், போனுக்குள் அவன், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே வாயைப் பிளந்து தூங்குகிற இருபது விநாடி வீடியோ. நேற்று வந்த பெர்மனென்ட் லிஸ்டில் அவன் பேர் இருக்கிறது, என் பேர் அடிபட்டுவிட்டது, போன் கொண்டுபோகக் கூடாத லைனுக்குள் நான் அதை வைத்திருந்ததை எவனோ சூப்பர்வைசர் விஜயராகவனிடம் போட்டுக்கொடுத்திருக்கிறான், எவனோ என்ன எவனோ, பக்கத்தில் நின்று போல்ட் முடுக்குகிறவன் அவன்தானே. வீடியோவை அவரிடம் காட்டினால் என் போனும் மாட்டுமே என்றால் மாட்டட்டும், ஒரே தப்புக்கு என்னிடம் ரெண்டு விலை வாங்க முடியுமா. என் பேருக்கு அவன் பேர், கொசுறாக அவன் முகம் கறுப்பதைப் பார்க்கிற சுகம், இதைவிடக் கட்டுப்படியாகிற வியாபாரம் உண்டா.

“இன்னா தம்பி, பெட்ரோல் கீதா பாத்தியா?” என்கிறாள் சாலையோரம் கொய்யா விற்கிற அம்மா. ரூம்காரன் டாங்கில் சர்க்கரை போட்டிருப்பான், வயரை அறுத்திருப்பான் என்கிறேன். “உனக்கோசரம் அவ்ளோ மெனக்கெடுவானா? மொதல்ல சின்னத பாரு.” சின்னதைப் பார்த்தேன், சிவப்பு சுவிட்ச் சரி, பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறது, பிளக் மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது, டாங்க் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது, பாதி டாங்க் பெட்ரோல்... மூடினேன், உதைத்தேன், ஓடியது, ரெண்டு கிலோமீட்டர், மறுபடி இருமல், மறுபடி திறந்தால் அதே புஸ். மூடியைப் புரட்டினேன். காற்றுத் துவாரத்தில் எம்சீல் பசை, அதன்மேல் அழுந்திய கட்டைவிரல் ரேகை, குறுக்கே வெட்டுத் தழும்பு... என்னுடையது. முந்தாநாள் மழையில் டாங்குக்குள் தண்ணீர் இறங்குகிறதென்று நானே அல்லவா அப்பினேன், நேற்று லீவு, போனில் வந்த லிஸ்டைப் பார்த்து எரிந்துகொண்டே கிடந்ததில் அந்த நினைப்பே இல்லை. “ஏல தங்கமாரி, டாங்கு மூச்சு விடுத ஓட்டைல்லா அது, அடைக்காத” என்று காசிராஜன் சொன்னான்தான், போடா ஓசி மெக்கானிக் என்றேன்.

சாவி முனையால் சுரண்டி எடுத்ததும் வண்டி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடுகிறது, சின்னதை முதலில் பார் என்றாளே... போன வாரம் லைனில் ரோபோ பக்கத்தில் நின்று செல்பி எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டேனே, விஜயராகவன் சாரிடம் என் நம்பர் இருக்கிறது, என்னிடம் அவர் நம்பர். யார் யார் பார்த்தார்கள் என்று இப்போது எங்கே போய்த் தேட, ஒரே நாளில் அழிந்துபோகிற சமாசாரம். அதற்காக அவன் சொல்லவில்லை என்றாகிவிடுமா, சொல்லியிருக்கலாம், சொல்லியிருக்கத்தான் வேண்டும்... கம்பெனி கேட் தெரிகிறது, பையில் அந்த வீடியோ. வண்டி இனி தானாக நிற்காது, நிற்பதென்றால் நான்தான் பிரேக்கை மிதிக்க வேண்டும்.